தாடையோரம் ஒரு வெள்ளைப் புள்ளி

ஜூன் 6, 1999. ஞாயிறு.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்கிறது, திருமுல்லைவாயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல. சர்ச்சில் பூசை முடிந்து வந்து அம்மா கறி வாங்கப் பையைத் தேடிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு தனலட்சுமி அக்கா கேட்டிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ரெஜினாமா! அம்மாவ இட்டுகினு வா. பூந்தமல்லிலேர்ந்து போன் வந்துகீது. லைன்லயே கீறாங்க."

எங்கள் வீட்டில் போன் இல்லை. அக்கா வீட்டு நம்பர்தான் எங்களுக்கு பி.பி. நம்பர். பூந்தமல்லி என்றால் சேவியர் வீடு. சேவியர் என்றால், எழுதித்தான் தொலைக்கிறேன், எனக்குப் பேசிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை. மஸ்கட்டில் வேலை. நேரில் பார்த்ததில்லை, ஆகஸ்டில் வருகிறார். இதுவரை ஆளுக்கொரு போட்டோ, கொஞ்சம் மெயில். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறார். பல்லா பாலா என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நன்றாகச் சிரிக்க வைக்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அம்மா திரும்பி வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது.

"உன் தாடையோரமா வெள்ளையா என்னமோ இருக்காமே. அந்தப் பையன் போட்டோவுல பார்த்துட்டு அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கான். எத்தனை நாளா இருக்குன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லி டபக்குனு வெச்சிட்டேன். கையெல்லாம் நடுங்கிப்போச்சு. சேசு மரி சூசையே, நல்ல இடம்டி அது."

அந்த வியாதியின் பேரை அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நேராகக் கண்ணாடியிடம் போனேன். ஒன்றுமில்லை. ஆவடி ஸ்டுடியோவில் எடுத்த அசல் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை. தம்பி ஜோசப்பை (இனி ஜோ.) எழுப்பி, கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி, மெயிலில் அனுப்பிய படத்தைத் திறந்தோம்.

இருக்கிறது! இடது தாடைக்குக் கீழே, மிளகு அளவு, பளீரென்று வெள்ளை. நான் நல்ல கறுப்பு. ஊருக்கே தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது சனியன். அனுப்புவதற்கு முன் நான் ஏன் பார்க்கவில்லை? மூக்கு பெரிதாகத் தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

ஜோ. வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் எல்லாம் டிசைன் செய்கிறான். ஸ்கேனர் போன மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவன் ஸ்கேன் செய்த எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன்.

- கண்ணீர் அஞ்சலி பெரியவர்: மீசை நுனியில் வெள்ளைப் புள்ளி.
- மண்ணூர்பேட்டை கல்யாண ஜோடி: மாப்பிள்ளை கோட்டுப் பாக்கெட்டில். கர்சீப் என்று நினைத்திருப்பார்கள்.
- சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக் குழந்தை: வெள்ளை கவுன். தெரியவில்லை.
- நான்: தாடை.

என் போட்டோவைத் தலைகீழாக வைத்து மறுபடி ஸ்கேன் செய்தோம். புள்ளி தாடையை விட்டுத் தோளுக்குப் போய்விட்டது! குதித்தே விட்டேன். எனக்கு ஒன்றுமில்லை, ஸ்கேனருக்குத்தான் வியாதி. மேல் கண்ணாடியைத் துடைத்தோம். போகவில்லை. கண்ணாடிக்கு அடியில், உள்ளே இருக்கிறது தூசு.

"விடுக்கா, கம்ப்யூட்டர்லயே அழிச்சு அனுப்பிடலாம். ரெண்டு நிமிஷ வேலை" என்றான் ஜோ.

"அதைச் செய்டா ராசா" என்றாள் அம்மா.

எனக்கு வந்ததே கோபம். இல்லாததை எதற்கு அழிப்பது? அழித்து அனுப்பினால் மறைத்த மாதிரிதானே ஆகும்? போன் போட்டுத் தூசு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எந்தப் பெண் வீட்டில்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வார்கள்? ஸ்கேனரைப் பிரித்து, துடைத்து, புதிதாக ஸ்கேன் செய்து அனுப்பப் போகிறேன். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா பேப்பரை இறக்காமலே, "ரிப்பேர் ஆச்சுன்னா அதுக்கும் சேர்த்து மாப்பிள்ளை தேடணும்" என்றார். ரிட்டயர் ஆனதிலிருந்து இப்படித்தான்.

ஜூன் 7. திங்கள்.

ஆபீஸில் மனசே இல்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பகலெல்லாம் கரண்ட் வந்து வந்து போனது. சம்பளப் பட்டியலை இரண்டு தரம் அடித்தேன். ஆறு மணிக்கு வீடு. முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். அடியில் பூட்டு மாதிரி ஒரு குமிழ். விளக்குப் பகுதி ஓடாமல் இருக்க அதைத் திருப்ப வேண்டுமாம். ஸ்க்ரூ எங்கேயென்று தேடித் தேடிக் கண் வலித்தது. கடைசியில் அடியிலிருக்கும் ரப்பர் காலைப் பிய்த்தால் அதற்குள் ஒளிந்திருக்கிறது! என்ன குசும்பு.

மேல் சட்டம் கண்ணாடியோடு கழன்று வந்தது. உள்ளே பார்த்ததும் ஏமாற்றம். இவ்வளவுதானா? இரண்டு கம்பி, ஒரு பெல்ட், நீளமாக ஒரு டியூப்லைட்டுக் குட்டி, குறுகலாக ஒரு கண்ணாடி. மிச்சமெல்லாம் காலி டப்பா. இதற்குத்தான் ஜோ. ஊரையே கூட்டி பந்தா விட்டான்.

செய்த தப்புகள், வரிசையாக:

ஜோ. பேச்சைக் கேட்டு சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தேன். பம்ப்பிலிருந்து எண்ணெய் தெறித்தது. அதைத் துடைக்க அப்பாவின் பழைய பனியன். பனியனிலிருந்து பஞ்சு. பஞ்சைப் போக்க அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க, எங்கிருந்தோ இருக்கிற தூசியெல்லாம் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. தலையில் சீப்பைத் தேய்த்தால் காகிதம் ஒட்டுமே, அந்தக் கதை. மேலே ஃபேன் வேறு. வெளியே சி.டி.எச். ரோட்டுக்குப் போகும் மணல் லாரி வேறு.

மூடி, ஸ்கேன் செய்து பார்த்தேன். ஒரு புள்ளி போய் வானத்து நட்சத்திரம் பூரா என் மூஞ்சியில். நடுவில் என் தலைமுடி ஒன்று, நெற்றியிலிருந்து தாடை வரை. ஜோ. விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, இதை அனுப்பு. அவங்க வீட்டுல கேள்வியே கேக்க மாட்டாங்க. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போன் பண்ணுவாங்க."

அடித்தேன். வலித்திருக்கும். சரி.

ஜூன் 8. செவ்வாய்.

புழுக்கம். அம்மா வாய் சும்மா இருக்கவில்லை, தனலட்சுமி அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சாயங்காலம் அக்கா ஈரக்கையோடு வந்து என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலால் தேய் தேய் என்று தேய்த்தாள்.

"இன்னாமா, ஒண்ணியும் காணோம்! நல்லா வழவழன்னு கடப்பாக்கல்லாட்டம் கீது. எவன் சொன்னான்? வர சொல்லு அவன. எங்க ஊட்டாண்டயே ஒக்காரவெச்சு காட்டறேன்."

அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். இருபத்தெட்டு வயதில் தக்காளி மாதிரி திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அக்கா மேல் கோபமில்லை. அவள் பாசம். அந்த சேவியர் மேல்தான். சிரிக்கச் சிரிக்க மெயில் எழுதத் தெரிகிறது, "உங்க தாடையில என்னங்க?" என்று என்னிடமே கேட்க வாயில்லையா? அம்மாவை விட்டுக் கேட்க வேண்டுமா?

ஜோ. பத்திரிகை வேலை நிற்கிறது என்று கத்துகிறான். இரண்டு நாள் டைம் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 9. புதன்.

எழுதக் கை ஓடவில்லை. நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

ஆபீஸ் விட்டதும் அம்பத்தூர் ஓ.டி.யில் பிரவுசிங் சென்டர். சூடாக ஒரு மெயில் எழுதுவதாகத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். பெட்டியைத் திறந்தால் அவரிடமிருந்து ஒன்று காத்திருக்கிறது. நீளம். எழுத்துக்கூட்டிப் படித்தது இது:

"ரெஜினா, எங்கம்மா போன் பண்ணினாங்களாம், உங்கம்மா பட்டுனு வெச்சிட்டாங்களாம். தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க சந்தோஷத்துலதான் கேட்டாங்க. எனக்கு இடது கையிலயும் தோள்லயும் வெண்புள்ளி இருக்கு. காலேஜ்ல படிக்கறப்ப வந்தது. அதனாலதான் நான் அனுப்பின போட்டோவுல முழுக்கைச் சட்டை. இதுக்கு முன்னாடி சொன்ன இடமெல்லாம் சொன்ன அன்னிக்கே நின்னுபோச்சு. அதனால உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு தள்ளிப்போட்டேன். நீங்க என்னடான்னா மறைக்காம, தைரியமா அனுப்பியிருக்கீங்க. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல. சனிக்கிழமை சாயங்காலம் உங்க எதிர்வீட்டு நம்பருக்குப் பேசறேன்."

"ஐயோ, அது தூசுய்யா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து கம்ப்யூட்டர்காரர் தன் கீபோர்டைத் தட்டித் துடைத்துக்கொண்டார்.

ரயிலில் வரும்போது ஒன்று மாற்றி ஒன்று. முதலில் கோபம்: இவ்வளவு பெரிய விஷயத்தை இத்தனை மெயிலில் ஒரு வரி சொல்லவில்லை. அப்புறம் வெட்கம்: அந்த அம்மா சந்தோஷத்தில் கேட்டதை நாங்கள் வம்பு என்று நினைத்தோம். அப்புறம், ஏன் பொய் சொல்ல வேண்டும், ஒரே படபடப்பு. வேலையே ஓடவில்லையாம்! என்னைப் பார்த்து!

என்னையா பார்த்தார்? தூசியைப் பார்த்தார்.

எனக்கு இல்லை என்று தெரிந்தால்? இதுவரை வேண்டாம் என்று சொன்ன பெண்களோடு என்னையும் சேர்த்துவிடுவார். நான் சொல்வதற்கு முன்னால் அவரே விலகிக்கொள்வார். எனக்கு அவர் வேண்டும். இதோ, எழுதிவிட்டேன்.

ஜோ.விடம் மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"அப்ப ஸ்கேனரைத் துடைக்காதே. ஆகஸ்ட்ல அவர் வர்றப்ப தாடையில கொஞ்சம் ஒயிட்னர் வெச்சுக்கோ."

மறுபடி அடித்தேன். இந்த முறை நானும் சிரித்துவிட்டேன்.

ஜூன் 10. வியாழன்.

ஜெயித்துவிட்டேன்!!

யோசனை காலையில் குளிக்கும்போது வந்தது. வீடு பூரா தூசு படிகிறது, பாத்ரூம் கண்ணாடியில் மட்டும் படிவதேயில்லை. ஏன்? ஈரம். பறக்கிற தூசியை ஈரம் கீழே இறக்கிவிடுகிறது. அப்படியென்றால் ஸ்கேனரைப் பிரிக்க வேண்டிய இடம் ஹால் இல்லை, பாத்ரூம்! ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொன்னேன். தலைவலி என்று.

செய்தது: சுவர், தரை எல்லாம் தண்ணீர் அடித்தேன். வாளி நிறைய வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்தி, ஆவி எழுந்து அடங்கும் வரை வெளியே காத்திருந்தேன். தலைமுடியை இறுக்கி முடிந்து மேலே துண்டு. புடவை ஆகாது, பஞ்சு கொட்டும், பழைய நைலான் நைட்டி. பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு அதன்மேல் ஸ்கேனர். ஆவடி ஸ்டுடியோக்காரரிடம் காமிரா லென்ஸுக்குக் காற்றடிக்கிற ரப்பர் பந்தை இரவல் வாங்கிவந்திருந்தான் ஜோ. அவன் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியும் என் கையில். அவன் வெளியே காவல்.

சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். திங்கட்கிழமை நான் பண்ணிய அட்டூழியம் அத்தனையும் தெரிந்தது. எண்ணெய்க் கோடு, பனியன் பஞ்சு. துணியை லேசாக நனைத்துப் பிழிந்து, ஒரே பக்கமாக மெல்ல இழுத்தேன். தேய்க்கவில்லை. ஓரத்திலிருந்து ஓரம். கண்ணாடி அப்படியே காணாமல் போய்விட்டது, கையில் காற்றைப் பிடித்திருப்பது போல.

அந்தப் புள்ளி மட்டும் போகவில்லை. கண்ணாடியின் அடிப்பக்கம் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். விரல் நுனியில் வந்து உட்கார்ந்தது. சுண்ணாம்புச் செதில். எந்த வீட்டுச் சுவரிலிருந்து விழுந்ததோ. இதுவா? இத்தனூண்டா பூந்தமல்லியையும் மஸ்கட்டையும் ஆட்டிவைத்தது?

ஒரு நிமிஷம் கை நின்றது. இதைத் திருப்பி வைத்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

"உள்ள யாரு குடும்பம் நடத்தறது?" அப்பா கதவைத் தட்டினார்.

"ஸ்கேனர் குளிக்குதுப்பா, இருங்க" என்றான் ஜோ.

"அதுக்கு சோப்பு வேணுமான்னு கேளு. எனக்கு அவசரம்."

சிரித்ததில் செதில் பறந்து ஈரத் தரையில் விழுந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டேன். உள்ளே இருந்த குறுகல் கண்ணாடியைத் தொடவில்லை, ரப்பர் பந்தால் இரண்டு ஊது, அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடினேன்.

ஸ்கேன். விளக்கு மெதுவாக நகர்ந்தது. படம் வந்தது. தாடை சுத்தம். தோள் சுத்தம். பின்னால் இருக்கிற கறுப்புத் திரைகூட சுத்தமான கறுப்பு. ஜோ. என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அம்மா முழங்கால் போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள். நான் சும்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு கொஞ்சம் பெரிதுதான்.

ஜூன் 11. வெள்ளி.

அம்மாவிடமும் அப்பாவிடமும் மெயில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். புதுப் படத்தை இன்னும் அனுப்பவில்லை. நாளைக்குப் போனில் நானே சொல்ல வேண்டும், இனியும் ஒளிக்க முடியாது.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "மாதா காப்பாத்திட்டா. அந்தத் தூசு மட்டும் இல்லைன்னா தெரியாமலே கட்டிக்கொடுத்திருப்போம்" என்றாள்.

"என்னம்மா பேசற? ஞாயித்துக்கிழமை எனக்குன்னு நினைச்சப்ப உனக்கு எப்படிக் கை நடுங்கிச்சு? அவங்கம்மா காலேஜ் காலத்திலேர்ந்து நடுங்கிக்கிட்டிருக்காங்க."

"ஒட்டிக்குமாடி?"

"ஒட்டாது."

"ஊர் பேசுமே."

"பேசட்டும். ஊருக்கு நான் கறுப்புன்னு பேசி சலிச்சுப்போச்சு. புதுசா ஏதாவது கிடைக்கட்டும்."

கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "பையன் எழுதினதைப் படி" என்றார். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். படித்தேன். சிரிப்பான பழைய மெயில்களையும் சேர்த்துப் படித்தேன். ஓரிடத்தில் அப்பாவே சிரித்தார். கடைசியில், "மறைச்சு வெச்சது தப்பு. ஆனா கேக்கறதுக்கு முன்னாடி அவனாத்தானே சொன்னான்" என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டில் உப்பே இல்லை.

ஜூன் 12. சனி.

நாலு மணியிலிருந்தே தனலட்சுமி அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா எல்லாரையும் விரட்டி, டி.வி.யை அணைத்து, போனை முந்தானையால் ஒரு துடை துடைத்து என் பக்கம் தள்ளிவைத்தாள். ஆறரைக்கு மணி அடித்தது. ஐ.எஸ்.டி. மணி நீளமாக அடிக்கும், அக்கா சொல்லித்தான் தெரியும்.

குரல் மெயில் மாதிரி இல்லை. கூச்சமான குரல். நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்டது.

"ரெஜினாங்களா? சாப்டீங்களா?"

"சேவியர், ஒரு விஷயம். முதல்ல அதைச் சொல்லிடறேன். அது தூசு."

"என்னதுங்க?"

"தாடையில இருந்த புள்ளி. ஸ்கேனர் கண்ணாடிக்கு அடியில தூசு. தம்பி ஸ்கேன் பண்ணின எல்லாத்துலயும் அதே இடத்துல இருக்கு. நானே பிரிச்சுத் துடைச்சுட்டேன். எனக்கு எதுவும் இல்லைங்க."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். மூச்சு கேட்டது.

"அப்படீங்களா" என்றார். "நல்லதுங்க. ரொம்ப நல்லது. நான்தான் அவசரப்பட்டு என்னென்னமோ எழுதிட்டேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் சங்கடப்பட வேணாம். வெச்சிடறேங்க."

"வெக்காதீங்க!"

அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அப்படிக் கத்தியிருக்கிறேன்.

"நான் வேணாம்னு சொன்னேனா? நீங்களா ஏன் முடிவு பண்றீங்க? கோபம் இருக்கு, முதல் மெயில்லயே சொல்லியிருக்கணும். அதை ஆகஸ்ட்ல நேர்ல வெச்சுக்கறேன். இப்ப ஒரு போட்டோ அனுப்புங்க. அரைக்கைச் சட்டையில."

"அரைக்கைச் சட்டையே என்கிட்ட இல்லீங்க" என்றார்.

"வாங்குங்க. அப்புறம், ஸ்கேனரை நல்லாத் துடைச்சுட்டு அனுப்புங்க. இல்லைன்னா எது உங்களோடது, எது தூசின்னு எனக்குத் தெரியாது."

சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் உடைந்த மாதிரி இருந்தது. அதற்குள் லைன் கட்.

"இன்னாமா சொல்றாரு?" என்றாள் அக்கா.

"சட்டை வாங்கப் போறாராம்க்கா."

"இதுக்கா இம்மாம் கத்து கத்தின?"

ஜூன் 14. திங்கள்.

காலையில் நல்ல மழை, எஸ்டேட் பூரா தண்ணீர். சாயங்காலம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓ.டி. போனேன். பிரவுசிங் சென்டரில் லைன் இழுத்துக்கொண்டே இருந்தது. அவர் மெயில் வந்திருக்கிறது. ஒரு வரிகூட எழுதவில்லை, படம் மட்டும். மேலேயிருந்து கோடு கோடாக இறங்குகிறது. சுவர். தலைமுடி, எண்ணெய் வைத்துப் படிய வாரியது. நெற்றி. கண், நேராக என்னைப் பார்க்கிறது. கொஞ்சம் நின்றது. மறுபடி. வாய், சிரிக்கலாமா வேண்டாமா என்று. காலர், நீலம், மடிப்புக்கூடக் கலையாத புதுசு. தோள். எழுந்து நின்றுவிட்டேன். கை இறங்குகிறது. அரைக்கை!